சில்லறை

மர்ஃபி டவுனில் எங்கள் வீட்டுக்கு
உள்ளே ஒரே ஒரு கதவு.
சலோமிக்குப் பத்து வயதானபோது
கூடத்தைப் பாதியாக மறித்துப் போட்டது.
மெல்லிய ப்ளைவுட்.
அதன் தாழ்ப்பாளைச் செப்டம்பர் மூன்றாம் தேதி,
நிமான்ஸிலிருந்து திரும்பிய கையோடு
கழற்றினேன்.

பக்கத்து வீட்டு நாகரத்னம்மாவிடம்
திருப்புளி இரவல் கேட்டேன்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
மறுநாள் ஒரு போசி நிறைய
சாறு வந்தது.

தாழ்ப்பாள் போன இடத்தில் நான்கு துளைகள்.
ராத்திரி அவள் விளக்குப் போட்டால்
என் பாய்க்கு நேரே
நான்கு புள்ளி வெளிச்சம்.

அதற்கு முன்னால் நான் சொன்னதெல்லாம்
எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.
"மூணு வேளைச் சோறு, காலேஜு, கையில போனு,
இதுல உனக்கு என்னடி கவலை?"
சிக்னலில் ஆரன் அடிப்பதுபோல
தினமும் அடித்தேன்.
முன்னால் நிற்கிற வண்டி ஏன் நகரவில்லை என்று
ஒருநாளும் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

மச்சினன் போனைப் பிடுங்கச் சொன்னான்.
ஸ்டெல்லாவின் அக்கா
வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள்.
டாக்டரம்மா முதலில் எங்களை வெளியே போகச் சொன்னார்.
ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.
பிறகு கூப்பிட்டுச் சொன்னதெல்லாம்
சின்னச் சின்ன வேலைகள்:
மாத்திரைப் பெட்டி யாரிடம் இருக்கும்,
ராத்திரி யார் விழித்திருப்பது,
கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்பது.

கேட்பதற்குப் பதினோரு நாள் ஆனது எனக்கு.
அல்சூர் ஏரி ஓரம் ஆட்டோவை நிறுத்தினேன்.
திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை,
கண்ணாடியில் பாதி முகம் தெரிந்தது.
"சாகணும்னு இன்னும் தோணுதா பாப்பா?"
ஒரு நூற்றுப்பத்து நம்பர் பஸ் கடந்து போகும்வரை
பதில் இல்லை.
"தோணுது. போன வாரத்தவிட கம்மி."
மீட்டர் போடாமல்
நாற்பது நிமிஷம் அங்கேயே நின்றோம்.
இரண்டு பேர் சவாரிக்கு வந்து கேட்டுவிட்டு
திட்டிக்கொண்டே போனார்கள்.

தாழ்ப்பாள் இல்லாத கதவைத்
தட்டிவிட்டுத்தான் திறப்பேன்.
யாரும் சொல்லித் தரவில்லை, நானே வைத்துக்கொண்டது.
உள்ளேயிருந்து "ம்" வரும்.
அந்த "ம்" வரும்வரை என் காதுக்கு
வேறு வேலை கிடையாது.
டிசம்பரில் அது "ம், வா" ஆனது.
நடுவில் ஒரு வாரம் மறுபடி
வெறும் "ம்".
பொங்கல் லீவில் ஒருநாள்
"இருப்பா! டிரெஸ் மாத்துறேன்ல!" என்று கத்தினாள்.
அந்த எரிச்சலை
கதவோரம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரியில் சொன்னாள்,
"எனக்குத் தாழ்ப்பாள் வேணும்."
அடிவயிறு கலங்கியது.
ஸ்டெல்லா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.
டாக்டரம்மாவைக் கேட்போம் என்றேன்.
அவரோ அவளைக் கேட்டார்.

சிவாஜி நகரில் அவளேதான் பொறுக்கினாள்.
ஆபீஸ் கழிவறைகளில் போடுகிற ரகம்:
உள்ளே திருகினால் பூட்டும்,
வெளியே ஒரு கீற்று,
காசை நுழைத்துத் திருப்பினால் திறக்கும்.
நூற்றெண்பது சொன்னான்.
என் பெண் கன்னடத்தில் பேசி
நூற்றைம்பதுக்கு இறக்கினாள்.
ஆறு மாதத்தில் அவ்வளவு சத்தமாக
அவள் பேசி நான் கேட்டதில்லை.

மாட்டி முடித்து, பழைய துளைகளை
எம்-சீல் வைத்து அடைக்கப் போனேன்.
"விடுப்பா. காத்து வரட்டும்."
பிறகு தன் பர்ஸிலிருந்து
ஒரு ரூபாய்க் காசு எடுத்துத் தந்தாள்.
"இது உங்கிட்ட இருக்கட்டும்.
தட்டி, நான் ம் சொல்லலைன்னா மட்டும்."

சட்டைப் பையில், லைசன்ஸுக்குப் பின்னால் இருக்கிறது.
இந்திரா நகரில் இறங்குகிறவர்கள்
மீதி ஒரு ரூபாய்க்குக் கை நீட்டுகிறார்கள்.
பெங்களூர் ஆட்டோக்காரனே இப்படித்தான் என்று
முணுமுணுக்கிறார்கள்.
சொல்லட்டும்.
பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு
சில்லறை இல்லை என்கிறேன்.